கவசத்தோடு சங்ககிரி ஏறினால் என்ன ஆகும்?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூட்டாளிகள் மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்கிறார்களாம். இரும்புக் கவசம் போட்ட சூப்பர் ஹீரோ ஒருவன். அவனுடைய நண்பனை வில்லன் பிடித்து, சங்ககிரி மாதிரி ஒரு மலைக்கோட்டையின் உச்சியில் அடைத்து வைத்திருக்கிறான். வழி முழுக்கப் பொறிகள். பத்து நிமிடத்துக்குள் மேலே ஓடிப்போய் மீட்க வேண்டும். நிஜக் கோட்டைகளில் இந்த மாதிரிப் பொறிகள் இருந்தனவா, கவசத்தோடு அப்படி ஓட முடியுமா, பத்து நிமிடம் போதுமா என்று மூன்று கேள்விகள்.

நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு கோட்டையில் ஏறிவிடுவேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பொறிகள். நீங்கள் அனுப்பிய படத்தில் தரையை மிதித்தால் ஈட்டி எழும்புகிறது, சுவரிலிருந்து அம்பு பாய்கிறது, கூரையிலிருந்து அரிவாள் ஊசலாடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி, கோட்டை என்பது ஒரு ஊர். சங்ககிரியில் ஏறும்போதே பாருங்கள்: பெருமாள் கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது, தானியக் கிடங்கு இருக்கிறது, சுனைகள் இருக்கின்றன. அங்கே ஆள் இருந்த காலத்தில் பூசாரி நடந்திருப்பார், தண்ணீர் சுமப்பவர் நடந்திருப்பார், காவல்காரனுக்குக் கூழ் கொண்டுபோகும் கிழவி நடந்திருப்பாள், அவள் பின்னால் ஒரு ஆட்டுக்குட்டியும் போயிருக்கும். மிதித்தவுடன் ஈட்டி பாயும் தரை இருந்தால் முதல் நாளே கிழவி போய்ச் சேர்ந்துவிடுவாள். எதிரி வருவதற்குள் கோட்டையே காலியாகிவிடும். ஆள் யார் என்று பார்க்காமல் அடிக்கும் பொறியை யாரும் தான் குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள்.

அப்படியானால் பொறியே இல்லையா என்றால், ஏகப்பட்டது இருந்தது. எல்லாம் வெளியே பார்த்து இருந்தது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலில் இருந்தவற்றை இளங்கோவடிகள் பெரிய பட்டியலாகவே போட்டிருக்கிறார். தானே வளைந்து அம்பு எய்யும் வளைவிற்பொறி. கரிய விரல்களோடு குரங்கு வடிவத்தில் இருந்து கிட்டே வந்தவனைக் கடிக்கும் ஊகம். கல்லை வீசும் கவண். கொதிக்கும் எண்ணெய், பாகு காய்ச்சும் மிடா, கல் நிரப்பிய கூடை, தூண்டில், மாட்டி இழுக்கும் தொடக்கு. மதிலின் உச்சியைப் பிடிப்பவன் கையைக் குத்தும் கைபெயர் ஊசி. மீன்கொத்தி மாதிரிப் பாய்ந்து கொத்தும் சிரல். ஏறி வருபவனைக் கிழிக்கும் பன்றி. கதவுக்குக் குறுக்கே எழு, சீப்பு, கணையமரம். பேர்களைச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு எதிரிப் பாத்திரம். அரக்கன், எலும்புக்கூடு என்று வெளிநாட்டு கேமில் இருந்து எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊகத்தையும் சிரலையும் வையுங்கள். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் என்ன என்று விளக்கி உரை எழுதிய அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர். அந்த ஊர் விஜயமங்கலம் பக்கம் என்று சொல்வார்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

இந்தப் பட்டியலில் முக்கால்வாசிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் தானாகக் கொதிக்காது. கூடையை யாராவது கவிழ்க்க வேண்டும். தூண்டிலை யாராவது இழுக்க வேண்டும். கேமில் இதைக் கொண்டுவந்தால் ஆட்டமே மாறிவிடும். மூன்று விநாடிக்கு ஒருமுறை எழும்பும் ஈட்டியை நான்கு தடவை செத்தால் எவனும் கணக்குப் பண்ணிவிடுவான். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நிற்கிற காவலன் எப்போது கொட்டாவி விடுவான், எப்போது திரும்பிப் பார்ப்பான் என்பதை அப்படிக் கணக்குப் பண்ண முடியாது.

மதுரை சமவெளிக் கோட்டை. அதற்கு அகழி வேண்டும், காவற்காடு வேண்டும், இத்தனை பொறியும் வேண்டும். மலைக்கோட்டைக்கு மலையே பாதி வேலையைப் பார்த்துவிடும். நாமக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாறை, உயரம் சுமார் 65 மீட்டர். பாறையில் வெட்டிய படிதான் வழி. படியில் ஏறுகிறவன் இரண்டு கையாலும் எதையாவது பிடிக்கப் பார்ப்பான், வாளைப் பிடிக்கக் கை இருக்காது. அங்கே மேலே நிற்கிறவனுக்குத் தேவை ஒரு குவியல் கல், அவ்வளவுதான்.

கல்லைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1791 நவம்பரில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியது. திப்பு காலத்துப் போர். கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்தவர்கள் ஊரையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டார்கள். ஓடுகிற காவல்படையின் பின்னாலேயே விரட்டிப் போய், கதவு மூடுவதற்குள் மேல்கோட்டைக்குள் புகுந்துவிடலாம் என்பது திட்டம். உங்கள் ஹீரோ செய்வதும் இதேதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுவது. கதவை மூடிவிட்டார்கள். அப்புறம் மேலிருந்து பாறாங்கற்களை உருட்டினார்கள். துப்பாக்கியும் ஏணியும் வைத்திருந்த படை பின்வாங்கிப் போனது. அந்தக் கோட்டையை அவர்கள் சண்டை போட்டுப் பிடிக்கவே இல்லை. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அந்தப் பக்கத்துப் பாராமகால் சீமையோடு சேர்த்துக் காகிதத்தில்தான் வாங்கினார்கள்.

ஆகவே உருளும் கல் ஒன்று கட்டாயம் வையுங்கள். குண்டு மாதிரி உருண்டையாக, நேர்கோட்டில் உருள்கிற கல் வேண்டாம். நிஜக் கல் ஒரு இடத்தில் பட்டுத் தெறித்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உருட்டினவனுக்கே தெரியாது. பயமே அதில்தான்.

அடுத்து வாயில். சங்ககிரியில் வாயிலுக்கு மேல் வாயிலாக ஏறிக்கொண்டே போக வேண்டும். பழைய கோட்டை வாயிலைப் பெரும்பாலும் நேராக வைத்திருக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் சுவர், உடனே திரும்ப வேண்டும். யானை ஓடிவந்து முட்ட முடியாது, பீரங்கிக்கும் நேர்க்கோடு கிடைக்காது. திரும்புகிற அந்த நாலு எட்டில் மூன்று பக்கத்துச் சுவரிலிருந்தும் உங்களைப் பார்க்கலாம். கதவில் யானை நெற்றி உயரத்துக்கு இரும்புக் கூம்புகள் இருக்கும். இதெல்லாம் பல பேருக்குத் தெரிந்ததுதான், அதனால் இதில் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது திட்டிவாசல். பெரிய கதவுக்குள் ஒரு ஆள் மட்டும் குனிந்து நுழையும் சின்னக் கதவு. இன்றைக்கும் அரிசி ஆலை, குடோன் கேட்டுகளில் அதைப் பார்க்கலாம். ராத்திரியில் பெரிய கதவைத் திறக்க மாட்டார்கள், திட்டிவாசல் மட்டும்தான். நுழைகிறவன் தலையை முதலில் நீட்ட வேண்டும், ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும், அந்த நேரத்தில் அவன் கழுத்து உள்ளே நிற்கும் காவலனுடைய கையெட்டும் தூரத்தில் இருக்கும். இதைவிட மலிவான பொறி உலகத்தில் கிடையாது. உங்கள் ஹீரோவின் தோள் அகலத்தை நீங்கள் வரைந்திருக்கிற அளவில் பார்த்தால் அவன் திட்டிவாசலில் நுழையவே முடியாது. அந்த அளவை மாற்றாதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, கவசம். வெறும் கவசமா, மோட்டார் வைத்த கவசமா என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டையும் பார்ப்போம்.

2011ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பழைய ஐரோப்பிய முறைப்படி செய்த முழுக் கவசங்களை ஆட்களுக்குப் போட்டு டிரெட்மில்லில் ஓட விட்டுப் பார்த்தார்கள். கவசம் 30 முதல் 50 கிலோ. நடப்பதற்குச் செலவாகும் சக்தி இரண்டு மடங்குக்கும் சற்று மேலே போனது, ஓடுவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காரணம் கால். கவசத்தில் ஏழெட்டுக் கிலோ காலில் தொங்குகிறது, ஒவ்வொரு எட்டுக்கும் அதை வீசிப் போட வேண்டும். மார்புத் தகடு இறுக்குவதால் மூச்சையும் ஆழமாக இழுக்க முடியாது, சின்னச் சின்னதாக வாங்க வேண்டியதுதான்.

டிரெட்மில் சமதரை. நான் ஒரு பந்தயத்துக்காக 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு சங்ககிரியில் ஏறிப் பார்த்திருக்கிறேன், அப்போது வயது முப்பத்திரண்டு. இரண்டாவது வாயிலில் உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பந்தயம் கட்டியவர்களே சிப்பத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தார்கள். அந்த அரிசியில் பொங்கிய சோற்றைப் பற்றி இன்னும் பேசுவார்கள்.

கணக்காகவே போட்டுவிடலாம். ஆள் 70 கிலோ, கவசம் 25 கிலோ, ஏற வேண்டிய உயரம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் ஏற வேண்டுமென்றால் விடாமல் 620 வாட் வேண்டும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக முக்கால் எச்.பி.க்கும் மேல். நல்ல பயிற்சி உள்ள சைக்கிள் வீரருக்கே பத்து நிமிடத்துக்கு இது தாங்காது. அரை மணி நேரம் கொடுத்தால் 207 வாட் போதும், மல்யுத்தம் பழகிய பையன் ஏறிவிடுவான்.

மோட்டார் கவசம் என்றால் கதை வேறு. கவசம் 100 கிலோ என்றே வைப்போம், ஆளோடு 170. அப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒன்றரை எச்.பி.தான் வருகிறது. நம் ஊரில் ஐந்து எச்.பி. மோட்டார் இல்லாத கிணறு எங்கே இருக்கிறது? மின்சாரம் எவ்வளவு ஆகும் என்றால், வீண்போவதையும் சேர்த்து அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு மின்சார ஸ்கூட்டர் பேட்டரியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. சினிமாவில் நெஞ்சில் நீலமாக ஒன்று மின்னுமே, அந்த மாயமெல்லாம் வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் மோட்டார், நாமக்கல்லில் தகடு அடிக்கும் பட்டறை, திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் கை. ஹீரோவின் கவசம் எங்கே செய்யப்பட்டது என்று கதையில் ஒரு காட்சி வைப்பதாக இருந்தால் சங்ககிரியைச் சுற்றி எண்பது மைலுக்குள் எல்லாமே கிடைக்கும்.

இரும்புக்கும் வெளியே போக வேண்டாம். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் 1985லிருந்து தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசைகளும், அதாவது உருக்கும் மண் குப்பிகளும், கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தின தொழிற்பேட்டை. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். உங்கள் ஹீரோவின் பாட்டன் பூட்டன் யார் என்று யோசிக்கிறீர்களே, இதோ இருக்கிறது.

சக்தி பிரச்சினை இல்லை என்றால் பிரச்சினை எது? வெயில். சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நிற்கும் லாரியின் கதவைத் தொட்டுப் பாருங்கள். அதற்குள்ளே உட்கார்ந்திருப்பவன்தான் உங்கள் ஹீரோ. வியர்வை ஆறுவதற்குக் காற்றுப் போக வேண்டும். காற்றுப் போக இடுக்கு விட வேண்டும். இடுக்கு விட்டால் மேலே இருக்கிறவன் அதற்குள் எதையாவது ஊற்றுவான்.

கி.மு. 332ல் அலெக்சாந்தர் டயர் நகரத்தை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். மணலைப் பழுக்கக் காய்ச்சி மேலிருந்து கொட்டினார்கள். மார்புக் கவசத்துக்கும் சட்டைக்கும் உள்ளே போய்விட்ட மணலை உதறவும் முடியாமல், கவசத்தைச் சட்டென்று கழற்றவும் முடியாமல் போர்வீரர்கள் துடித்தார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்று நூலில் எழுதியிருக்கிறது. எண்ணெய்க்குக் காசு ஆகும், மணலுக்கு என்ன செலவு. சிலப்பதிகாரத்தில் வருகிற பாகை நான் வெல்லப்பாகு என்றே எடுத்துக்கொள்கிறேன், கவுந்தப்பாடிப் பக்கம் ஆலையில் கொப்பரையைப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. இறக்கும் பதத்தில் 115 டிகிரிக்கு மேலே இருக்கும். தண்ணீர் பட்டால் வழிந்துவிடும். பாகு ஒட்டிக்கொள்ளும். ஆறினால் மூட்டுக்கு மூட்டு கெட்டிப்பட்டு, ஹீரோ அச்சு வெல்லம் மாதிரி நின்றுவிடுவான். இதைக் கேமில் வைத்தால் சின்னப் பிள்ளைகள் சிரித்தே விடும்.

தரைக்கு ஈட்டிக்குப் பதிலாக நெருஞ்சி. நான்கு கூர் வைத்த இரும்பு நெருஞ்சியை எப்படி எறிந்தாலும் மூன்று கூர் தரையில் ஊன்றி ஒன்று வானத்தைப் பார்க்கும். குதிரைக்கும் யானைக்கும் போட்டது. கவசக் காலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கலாம். ஆனால் இரும்புக் கால் கருங்கல்லில் ஏற்கெனவே வழுக்கும், அதன் அடியில் நெருஞ்சி உருண்டால் 170 கிலோவும் மல்லாந்துவிடும். கவசக் காலுக்கு அடியில் பழைய டயரை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். நெருஞ்சி டயரில் குத்தி நிற்கும், வழுக்காது.

இன்னொன்று யாரும் வைத்த பொறி அல்ல, மலைத்தேனீ. பாறைச் சரிவுகளில் அடை அடையாகத் தொங்கும். கலைத்துவிட்டால் கூட்டமாக விரட்டும், ஒரு ஆளைக் கொல்லவே போதும். தலைக்கவசத்துக்குள் ஒரே ஒரு தேனீ புகுந்துவிட்ட ஹீரோவை நினைத்துப் பாருங்கள். பீரங்கிக் குண்டு வந்தாலும் நிற்பான், இதற்கு நிற்க மாட்டான்.

இவ்வளவு சொன்னாலும், சங்ககிரி என்று பேர் வைத்துவிட்டு ஒரு ஆளைச் சொல்லாமல் போக முடியாது. தீரன் சின்னமலையைக் கும்பினிக்காரர்கள் எப்படிப் பிடித்தார்கள்? 1801ல் காவிரிக்கரையில், 1802ல் ஓடாநிலையில், 1804ல் அறச்சலூரில் என்று நேருக்கு நேர் நின்றவரைச் சண்டையில் பிடிக்க முடியவில்லை. பழனிப் பக்கம் கருமலையில் மறைந்திருந்தபோது அவருக்குச் சமைத்துப் போட்ட ஆளே காட்டிக்கொடுத்தான் என்பதுதான் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. 1805 ஆடி மாதத்தில் தம்பிகளோடு சேர்த்துச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு இன்றும் அங்கே கூட்டம் கூடுகிறது. அதேபோல, எதிரி முகாமுக்குள்ளேயே இருந்த வேலப்பன் என்ற ஆள் செருப்புக்குள் ஓலையை வைத்துச் சின்னமலைக்குச் சேதி அனுப்பினான், அது தெரிந்ததும் அவனைச் சுட்டுக் கொன்றார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

ஒரு சமையல்காரனும் ஒரு செருப்பும். உங்கள் கேமில் நாற்பத்திரண்டு பொறி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டாகக் குறைத்துவிட்டு, கோட்டைக்குள் பேசக்கூடிய நாலு பேரை வையுங்கள். தண்ணீர் சுமப்பவர், கூழ்க்காரக் கிழவி, கணக்குப்பிள்ளை, ராத்திரிக் காவலன். யாரை நம்புவது என்று ஹீரோவே தீர்மானிக்கட்டும். கிழவி காட்டுகிற வழி சுனைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம், கணக்குப்பிள்ளை காட்டுகிற குறுக்கு வழி பாகுக் கொப்பரைக்கு நேர் கீழே போய் முடியலாம்.

திட்டிவாசலுக்கு வருகிறேன். கடைசி வாயிலில் பெரிய கதவு மூடியிருக்கிறது, உடைத்தால் சத்தத்தில் நண்பனை உள்ளேயே முடித்துவிடுவார்கள். திட்டிவாசல் மட்டும் திறந்திருக்கிறது. கவசத்தோடு நுழைய முடியாது. பொறியை எல்லாம் தாங்கிக்கொண்டு வந்தவன் இங்கே கழற்றி வைத்துவிட்டு, பனியனும் வியர்வையுமாக, கழுத்தை நீட்டிக் குனிந்து நுழைய வேண்டும். உள்ளே நிற்பது எந்தக் காவலன் என்பது அவன் வழியில் யாரிடம் எப்படிப் பேசினான் என்பதைப் பொறுத்தது. நானாக இருந்தால் கேமில் இந்த இடத்துக்குத்தான் அதிக நாள் செலவழிப்பேன்.

சரி, மூன்றாவது கேள்வி. மோட்டார் கவசம் என்றால் ஏறுவதற்குப் பத்து நிமிடம் கணக்குப்படி சரி. ஆனால் டைமரை மேலே நிறுத்திவிடாதீர்கள். நாலு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த நண்பன் ஓட மாட்டான். அவனைத் தோளில் போட்டால் எடை 240 ஆகிறது, பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது, பாகு ஒரு முழங்காலைப் பிடித்திருக்கிறது. மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி போகும், ஏறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மேலே போகும்போது உருண்ட கற்கள் எல்லாம் இப்போது வழியில் கிடக்கின்றன. இறங்குவதற்கு இருபது நிமிடம் கொடுங்கள்.

நேரில் பார்க்க வருவதாக இருந்தால் வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்கே ஏற ஆரம்பித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பையை மட்டும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். கருவிரல் ஊகம் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.